கல்வராயன் மலையில் உளியும் அரமும்

கள்ளக்குறிச்சியைப் பற்றி நேயர்களில் பலருக்குத் தெரிந்தது சொற்பமே. சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அது ஓர் ஊர். சுற்றிலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகிற பூமி. 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது தேசமெங்கும் அதன் பெயர் அடிபட்டது. ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்னமும் அதைத்தான் கேட்க வந்திருக்கிறோமோ என்று ஒரு கணம் தயங்குகிறார்கள்.

நாம் சென்றது அதற்காக அல்ல. ஆயுதங்களைப் பார்ப்பதற்காக. 'ஆயுதமா!' என்று வீட்டிலுள்ள பெண்மணிகள் திடுக்கிட வேண்டாம். நவராத்திரியின் ஒன்பதாம் நாளன்று நாம் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூஜை செய்வது வாளுக்கும் வேலுக்குமா? அரிவாள்மணை, தையல் யந்திரம், தச்சருடைய உளி, குழந்தையின் பேனா எல்லாமே அன்றைக்கு ஆயுதந்தான். கொல்லும் கருவிக்கும் தொழிற் கருவிக்கும் நம்மவர் ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். அந்த ஒற்றைப் பெயர் எத்தனை பொருத்தமானது என்பதைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தைப்போல் வேறு எந்த இடத்திலும் நாம் உணர்ந்ததில்லை.

காரணம் இதுதான். ஊருக்குள்ளும் பக்கத்துச் சிற்றூர்களிலும் மரச் சிற்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் கைவேலைக்குச் சர்க்காரே பட்டயம் அளித்திருக்கிறது. மேற்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் கல்வராயன் மலை. அங்கே லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபட்டனவென்றும், வைத்திருப்போர் தாமாகவே ஒப்படைத்துவிட வேண்டுமென்று போலீஸார் அறிவித்தார்களென்றும் அவ்வப்போது பத்திரிகைகளில் செய்தி வருகிறது. இந்த இரண்டு கைவேலைக்காரர்களின் பெட்டிகளையும் திறந்து கொட்டினால் விழுபவை அநேகமாக ஒன்றே: அரம், உளி, துறப்பணம், சுத்தியல், குறடு. ஒருவர் பெயர் பட்டயத்தில் ஏறுகிறது. மற்றவர் பெயர் போலீஸ் ஸ்டேஷன் புஸ்தகத்தில் ஏறுகிறது. இந்த வித்தியாசத்தை நேரில் பார்த்து விசாரிக்க வேண்டுமென்ற ஆசையினால், தொழிற்கல்வி கற்பிக்கும் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு விடுமுறையில் புறப்பட்டோம்.

முதலில் மரச் சிற்பப் பட்டறை. உள்ளே நுழையுமுன்பே வாகை மரத்தூளின் காரமான வாசனை மூக்கைத் துளைக்கிறது. நண்பருக்கு நாலைந்து தும்மல் வந்துவிட்டது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்த சிற்பி ஒருவர் ஒரு கணபதியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு தும்பிக்கையின் வளைவைச் சீவிக்கொண்டிருந்தார். வலக்காற் பெருவிரல்தான் அவருக்கு இடுக்கி. நம் நாட்டுத் தச்சர்கள் தரையில் அமர்ந்து காலையும் கையாக உபயோகிப்பதைப் பார்த்து அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் சிலர் ஏளனம் செய்து எழுதியதுண்டு. அவர்களுடைய இரும்பு இடுக்கி நினைத்த மாத்திரத்தில் மரத்தை அரை அங்குலம் திருப்பித் தருமா என்பதைக் கேட்க நமக்கு ஆசை.

வாகை, தேக்கு, மா, தூங்குமூஞ்சி முதலிய மரங்களில் இவர்கள் தெய்வ உருவங்களும், தசாவதாரப் பலகைகளும், வாசற்கதவு வேலைப்பாடுகளும் செய்கிறார்கள். 2021-இல் 'கள்ளக்குறிச்சி மரச் சிற்பம்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்பூர்க் கலம்காரிக்கும் அதே சமயத்தில் கிடைத்தது. 1999-ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்தியா முழுமைக்கும் இதைப் பதிவு செய்யும் ஆபீஸ் சென்னையிலேயே இருக்கிறது. முதன்முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. இந்தக் குறியீட்டினால் இன்னார்தான் சிற்பம் செய்யலாமென்று ஆகிவிடாது. வேறெங்கோ செய்த சரக்கைக் கள்ளக்குறிச்சிப் பெயரால் விற்கக் கூடாது என்பதே அதன் பலன்.

நம் நோக்கம் சிற்பத்தைவிடச் சிற்பியின் பக்கத்தில் கிடந்த உளிகளின்மேல் சென்றது. எண்ணிப் பார்த்தோம், முப்பதுக்கு மேல் இருந்தன. அரை அங்குல அகலத்துத் தட்டை உளி முதல், குண்டூசியைவிடச் சற்றுப் பெருத்த நுனியுள்ளது வரை. நகம்போல் குழிந்தவை ஒரு வரிசை, நேரானவை ஒரு வரிசை. "இத்தனையும் வேண்டுமா?" என்று கேட்டோம். சிற்பி சிரித்து, "ஆரம்பிக்கிறவங்களுக்கு ஆறு போதும் ஐயா. மீதியெல்லாம் வேலை கேக்கக் கேக்க அடிச்சுக்கிறது" என்றார். நம் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு முழுப் பெட்டியை முதல் நாளே வாங்கிக் கொடுக்கும் பெற்றோர்கள் இந்த வார்த்தையை மனத்தில் வைப்பது நலம்.

வீட்டில் கைவேலை பழக விரும்புவோருக்காக, உளி தேர்ந்தெடுக்கும் விதத்தை அவரிடமும் நண்பரிடமும் கேட்டறிந்தபடி சொல்கிறோம். பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. உளியின் வாய்ப் பக்கத்தில் ஓர் அரத்தை வைத்து மெல்ல இழுத்தால் அரம் பிடிக்காமல் வழுக்க வேண்டும். கடித்துக்கொண்டு இரும்பைத் தின்றால் அந்த உளியில் தோய்ச்சல் போதவில்லை. நாலு தட்டில் முனை மழுங்கும். தோய்ச்சல் அதிகமாகிவிட்டாலும் ஆபத்து. கண்ணாடிபோல் சில்லுப் பெயரும். கொல்லர்கள் உளியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த பிறகு, மீண்டும் இளஞ்சூடு காட்டி, மெருகிட்ட முகத்தில் காய்ந்த வைக்கோலின் நிறம் படரும்போது நிறுத்துகிறார்கள். அந்த நிறத்தைத் தாண்டி நீலம் ஓடிவிட்டால் உளி இளகிவிட்டதென்று அர்த்தம். உஷ்ணமானி இல்லாத காலத்தில் நிறமே உஷ்ணமானியாக இருந்தது. இப்போதும் சிறு பட்டறைகளில் அப்படித்தான்.

அடுத்தபடி உளியின் முதுகு. அது கண்ணாடிப் பலகையின்மேல் வைத்தால் ஆடாமல் ஒட்டி நிற்கும்படி தட்டையாக இருக்க வேண்டும். மரவேலைக்குச் சரிவு 25 பாகையளவில் இருப்பது வழக்கம். இறுகிய மரமானால் 30 வரை போகலாம். தீட்டும்போது சரிவை மட்டும் தேய்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள் பலர். மறுபக்கத்தில் மயிரிழைபோல் ஒரு பிசிறு கிளம்பியிருக்கும்; முதுகைக் கல்லின்மேல் படுக்கவைத்து இரண்டு இழுப்பு இழுத்துப் பிறகு தோல் வாரில் துடைத்தால்தான் கூர்மை முழுமையாகும். கூரைப் பெருவிரலில் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு மரத்துண்டின் குறுக்கு வெட்டுமுகத்தில் சீவிப் பாருங்கள். தூளாக உதிராமல் சுருளாக வந்தால் சரி.

காம்பு முஷ்டிக்கு அடங்கியதாயும், மர இழை நீளவாட்டில் ஓடியதாயும், வாயில் பூண் கட்டியதாயும் இருக்க வேண்டும். அடிப்பதற்குக் கொட்டாப்புளி, புளிய மரத்தில் கடைந்தது உத்தமம். இரும்புச் சுத்தியலால் மரக் காம்பை அடிப்பவனுக்கு மாதம் ஒரு காம்பு செலவு. எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு விதி: இரண்டு கையும் எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால். மரத்தை ஒரு கையால் பிடித்து மறு கையால் உளியைத் தள்ளுவது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் குறுக்கு வழி.

அரத்தைப் பற்றி நண்பர் ஒரு பிரசங்கமே செய்தார். சுருக்கித் தருகிறோம். அரத்தின் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்தவை; ஆகையால் தள்ளும்போதுதான் அது அறுக்கும். திரும்ப இழுக்கும்போதும் அழுத்தித் தேய்ப்பவர்கள் பல்லை மழுக்கி, கடைக்காரரைத் திட்டுவார்கள். காம்பு இல்லாத அரத்தை எடுக்கவே கூடாது. வால் உள்ளங்கையில் ஏறிவிடும். புது அரத்தை முதலில் பித்தளைக்கு வைத்துக்கொண்டு, சற்றுப் பழகியபின் இரும்புக்கு மாற்றுவது பட்டறை வழக்கம். பல்லிடுக்கில் சீமைச் சுண்ணாம்பைத் தேய்த்து வைத்தால் பொடி அடைத்துக்கொள்ளாது. அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டியில் எறிவது மகா பாவம் என்றார். கற்பிக்கும் தொழிலில் இருப்பவருக்குப் பாவ புண்ணியங்கள் சீக்கிரம் வாயில் வந்துவிடுகின்றன.

மறுநாள் மலையேறினோம். கச்சிராயபாளையத்தில் சர்க்கரை ஆலையைத் தாண்டினால் கோமுகி அணை. அதற்கப்புறம் பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமான கல்வராயன் சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது; பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரம். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். கரியாலூரில் காற்று மாறிவிடுகிறது. வெள்ளிமலையில் மேல்துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றுகிறது. கடுக்காய், புளி, பலா, தேன். சரிவுகளில் சாமையும் மரவள்ளியும். மேகம் அருவியில் தண்ணீர் நன்றாக இருந்தது. அருவியை வர்ணிப்பதற்கு நம்மைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள், மேலே செல்வோம்.

இங்கே வாழும் மலையாளி என்னும் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. காஞ்சீபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து இந்தப் பக்கத்து மலைகளில் குடியேறியதாக அவர்களிடையே வழங்கும் கதையை 1909-இல் தர்ஸ்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பின்னால் இம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் வெகு காலம் இருந்தது. வேட்டை அவர்களுக்கு விளையாட்டாக இருந்ததில்லை. காட்டின் நடுவே பயிர் வைத்தவனுக்கு அது காவல், பல சமயம் சோறு. கண்ணி, வேட்டை நாய், பிறகு குழல்வாய் வழியே மருந்திடும் நாட்டுத் துப்பாக்கி, என்ற கிரமத்தில் ஆயுதங்கள் மாறி வந்தன.

வழிக் கிராமம் ஒன்றில் கொல்லுப் பட்டறையைக் கண்டு நின்றோம். துருத்திக்குப் பதிலாக இப்போது கையால் சுற்றும் காற்றாடி. தரையில் கழித்துப் போட்ட லாரி வில்பட்டைகள் கிடந்தன. அவைதாம் நாளைக்குக் கொடுவாளாகப் போகின்றன. நல்ல உருக்கு அது, மலைக்கு மலிவாக வந்து சேருகிறது. கொல்லருக்கு வயது ஐம்பதிருக்கும். துப்பாக்கியைப் பற்றிப் பேச்செடுக்க நமக்குச் சங்கடமாயிருந்தது. நண்பர் கூசாமல் கேட்டுவிட்டார்.

"எங்க அப்பாரு காலத்துல ரிப்பேருக்குக் கொண்டாருவாங்க ஐயா. நான் தொடறதில்லே. கரியாலூர் ஸ்டேஷனுக்கு நடையா நடக்க எனக்குக் காலு இல்லீங்க" என்றார் அவர். சற்று நேரம் கழித்துத் தாமாகவே உள்ளே போய் ஒரு சிறு உளியை எடுத்து வந்து காட்டினார். அதன் முதுகில் மங்கலாகக் குறுக்குக் கோடுகள் தெரிந்தன. அவருடைய தகப்பனார் அந்த வேலைகளுக்கு உபயோகித்த அரமாம் அது. பல் தேய்ந்து போனதும் காய்ச்சி உளியாக அடித்துக்கொண்டாராம். ஏர்க்கலப்பை வேலைக்கு வசதியாயிருக்கிறது என்றார். தேய்ந்த அரத்தைக் கத்தியாகவும் உளியாகவும் மாற்றுவது எங்குமுள்ள கொல்லர்களின் வழக்கந்தான். அதன் உருக்கு அத்தனை உயர்ந்தது.

வீட்டிலேயே துப்பாக்கி பொருத்துவது எப்படி என்று நாம் இங்கே எழுதப் போவதில்லை. சட்டம் ஒருபுறமிருக்க, அந்தக் காரியத்தின் உள்ளே இருக்கும் ஒரு முடிச்சை விளக்கினால் ஏன் எழுதவில்லை என்பது தானே விளங்கும். ஒரு காலத்தில் உலகத்துத் துப்பாக்கிகள் எல்லாமே கையால் பொருத்தப்பட்டவைதாம். ஓர் உறுப்பு மற்றோர் உறுப்போடு சேரும்வரை அரத்தால் தேய்ப்பார்கள். ஆகவே ஒரு துப்பாக்கியின் உறுப்பு அடுத்த துப்பாக்கிக்குப் பொருந்தாது. போர்க்களத்தில் ஒன்று உடைந்தால் கொல்லன் வேண்டும். பிரான்ஸில் ஹோனோரே ப்ளாங்க் என்பவர் இதை மாற்ற முயன்றார். 1785-இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராயிருந்த ஜெபர்ஸனிடம் அவர் 50 துப்பாக்கிகளின் விசைப் பூட்டுக்களைத் துண்டு துண்டாகக் கழற்றி அறைகளில் அடுக்கிக் காட்டினார். ஜெபர்ஸன் கைக்கு வந்த துண்டுகளை எடுத்துத் தாமே சில பூட்டுக்களைச் சேர்த்துப் பார்த்தார். எல்லாம் சரியாகப் பொருந்தின. அமெரிக்காவில் எலி விட்னி இரண்டு வருஷத்தில் 10,000 துப்பாக்கி செய்து தருவதாக 1798-இல் ஒப்பந்தம் செய்து, 1809-இல்தான் முடித்தார். குத்தகைக்காரர்கள் எந்த தேசத்திலும் ஒரே ஜாதி போலிருக்கிறது!

யந்திரமும் அளவுகோலும் அரத்தின் இடத்தைப் பிடித்ததும் துப்பாக்கி வேலை வீட்டைவிட்டு வெளியேறித் தொழிற்சாலைக்குப் போயிற்று. நம் நாட்டில் மீர் காசிம் 1760-களில் முங்கேருக்குத் தலைநகரை மாற்றி அங்கே ஆயுதப் பட்டறை வைத்தார். அந்தக் கைத்தொழில் இன்றும் பீகாரின் அந்த ஊரில் லைசென்ஸோடும், வருத்தமான விஷயம், லைசென்ஸ் இல்லாமலும் நடக்கிறது. வங்காளத்து ஈசாப்பூரில் 1904-இல் ரைபிள் தொழிற்சாலை வந்தது. நம் திருச்சிராப்பள்ளியில் 1960-களில் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ரைபிள்கள் செய்கிறது. 2021 முதல் அது சர்க்கார் கம்பெனி ஒன்றின் கீழ் வந்திருக்கிறது.

முடிச்சு எங்கேயென்றால், பரீட்சையில். மரச் சிற்பத்தில் பிசகினால் கணபதியின் காது சிறுத்துப் போகும். சிற்பி அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார். துப்பாக்கிக் குழலில் ஒரு விரிசல் கண்ணுக்கே தெரியாது. வெடிமருந்தின் வேகத்தைத் தாங்குமா என்பதை ஒருமுறை அளவுக்கு மீறிய மருந்திட்டு, மனிதன் அருகில் நில்லாமல் வெடித்துப் பார்த்துத்தான் முத்திரை வைக்க வேண்டும். லண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்துக்கு 1637-லேயே பட்டயம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் இதற்கென்றே 1813-இல் சட்டம் செய்து ஒரு சோதனைச் சாலை வைத்தார்கள். இத்தனை சாமர்த்தியமுள்ள கொல்லர்களே தங்கள் கையை நம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மலையில் ஒருவன் வீட்டில் பொருத்திய துப்பாக்கிக்குச் சோதனைச் சாலை எது? அவனுடைய கன்னமும் வலக்கண்ணுந்தான். குழல் வெடித்து விரலிழந்தவர்களையும், இருட்டில் பன்றியென்றெண்ணி மனிதனைச் சுட்ட சம்பவங்களையும் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டு மலைப் பிரதேசங்களிலிருந்து வந்ததுண்டு. கை எத்தனை நுட்பமாயிருந்தாலும் இந்தக் குறை தீராது. ஏனென்றால் இது கையின் குறையல்ல.

இனிச் சட்டம். 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை அவமதிக்கும் சட்டமென்று தேசபக்தர்கள் கொதித்தார்கள். வெள்ளையருக்கு விதிவிலக்கும் நமக்கு விலங்கும் என்றிருந்தது அது. 1931-இல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இடம்பெற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் வந்த சட்டம் நிற பேதத்தை ஒழித்தது, லைசென்ஸை ஒழிக்கவில்லை. வைத்துக்கொள்ள ஒரு லைசென்ஸ். செய்ய, விற்க, பழுதுபார்க்க, சோதிக்க வேறொன்று. பழைய துப்பாக்கிக்கு அரம் போட்டுக் கொடுத்தவரும் இந்தச் சட்டத்தின் வாய்க்குள் வந்துவிடுகிறார் என்பது மலையில் பலருக்குத் தெரியவில்லை. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், லைசென்ஸின்றிச் செய்வதற்கு 7 வருஷத்துக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை போகலாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வேட்டையையும் தடுத்துவிட்டது.

இங்கே ஓர் உறுத்தலைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. குடகு நாட்டுக் கொடவர்களுக்குத் துப்பாக்கி அவர்கள் குலாசாரத்தைச் சேர்ந்ததென்று கருதி, லைசென்ஸிலிருந்து விலக்களிக்கும் ஏற்பாடு வெள்ளையர் காலத்திலிருந்தே இருக்கிறது; 2019-இல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். கல்வராயன் மலையாளிக்கு அப்படி எதுவும் கிடையாது. அவனுக்கும் மலை உண்டு, காடு உண்டு, பரம்பரை வேட்டை உண்டு. தன் வழக்கை எடுத்துச் சொல்லப் படித்த கூட்டந்தான் இல்லை. மலைக்கெல்லாம் துப்பாக்கி வழங்க வேண்டுமென்பது நம் கட்சியல்ல. சோதிக்காத குழலுக்கு விலக்களித்தால் வெடிக்காமல் போய்விடாது. ஆனால் பன்றி இரவோடிரவாக மரவள்ளித் தோட்டத்தைப் புரட்டிப்போட்டால் அவன் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாமென்று தமிழ்நாட்டுச் சர்க்கார் 2025 ஜனவரியில் முடிவு செய்தது. காட்டின் விளிம்பிலேயே, பல இடங்களில் காட்டின் உள்ளேயே, நிலம் வைத்திருப்பவனுக்கு இந்த 3 கிலோமீட்டர் எங்கே கிடைக்கும்?

கொல்லரிடம் இதைச் சொன்னோம். அவர் சட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "பையன் கை எனக்கு மேலே ஐயா. ஒரு பூட்டைக் குடுத்தா சாவி தேச்சிடுவான். கண்டவன் வந்து எதையாச்சும் குடுத்து ரிப்பேரு பண்ணுன்னா என்ன பண்றதுன்னுதான் பயம்" என்றார். தாடையைச் சொறிந்துகொண்டே நிலத்தைப் பார்த்தார். இந்தப் பிரயாணத்தில் நாம் கேட்ட பேச்சுக்களில் மனத்தில் தங்கியது அதுதான். தகப்பனார்கள் வழக்கமாகப் பிள்ளைக்குக் கை ஓடவில்லையென்று கவலைப்படுவார்கள்; இவர் நன்றாக ஓடுகிறதே என்று கவலைப்படுகிறார்.

நண்பர் அந்தப் பையனைக் கூப்பிடச் சொன்னார். பதினைந்து வயதிருக்கும், பத்தாவது படிக்கிறானாம். ஒரு இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, ஒரு முகத்தைத் தட்டையாக்கிக் காட்டச் சொன்னார். பையன் நின்ற நிலையே நண்பருக்குப் பிடித்துவிட்டது: இடக்கால் முன்னே, முழங்கை உடம்போடு ஒட்டி, அரம் சாயாமல் நேர்கோட்டில். யாரும் கற்றுக் கொடுத்ததல்ல. கால் மணி கழித்து நண்பர் பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து முகத்தின்மேல் வைத்து வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நடுவில் கீற்றுப்போல் வெளிச்சம் தெரிந்தது, ஓரங்களில் இல்லை. "நடுவிலே பள்ளம், நல்ல அடையாளம். பழகாத பசங்களுக்கு ஓரந்தான் தேய்ந்து நடுவு மேடாக இருக்கும்" என்று நமக்கு விளக்கினார்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டர் என்னும் பிரிவில் சேரும் மாணவனுக்கு ஆரம்பத்திலேயே கொடுக்கப்படும் வேலை இதுவேதான்: ஓர் இரும்புத் துண்டு, ஓர் அரம், ஒரு மூலைமட்டம், வெளிச்சம் தெரியாதவரை தேய்க்க வேண்டும். பல பையன்கள் இந்தக் கட்டத்திலேயே கை கொப்பளித்து வேறு பிரிவு கேட்பார்களாம். படைக்கலத் தொழிற்சாலைகளும், ரயில்வே பட்டறைகளும், நெய்வேலி முதலிய பெரிய ஆலைகளும் தேடுவது அதில் தேறியவர்களைத்தான். திருச்சியில் ரைபிள் பொருத்தும் கையும் இந்தப் பாடத்தில் ஆரம்பித்த கைதான். அதற்கு லைசென்ஸ் உண்டு, சோதனைச் சாலை உண்டு, மாதச் சம்பளமும் உண்டு. கல்வராயனின் சேலம் ஜில்லாப் பக்கத்தில், கருமந்துறையில், பழங்குடி மாணவர்களுக்கென்று சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. கொல்லருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் 'அங்கே இரும்படிக்கவா சொல்லிக் குடுக்கிறாங்க?' என்று கேட்டார். இரண்டு தலைமுறையாகப் பட்டறையில் செய்து வந்த வேலைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் அத்தாட்சிப் பத்திரமும் உண்டென்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

நண்பர் ஒரு காகிதத்தில் விவரங்களை எழுதிக் கொடுத்தார்: பிட்டர் படிப்பு 2 வருஷம், பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும், சாதிச் சான்றிதழ் கையிலிருக்க வேண்டும். கடைசி விஷயத்தில்தான் சிக்கல் என்றார் கொல்லர், விண்ணப்பித்து மாதக்கணக்காகிறதாம். தாலூகா ஆபீஸ் இப்போது வெள்ளிமலையிலேயே இருப்பதால் முன்போல் மலையிறங்கி அலைய வேண்டியதில்லை என்பது ஒரு சௌகரியம். வருகிற திங்கட்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். பையன் அதற்குள் அந்த இரும்புத் துண்டை மறுபடியும் எடுத்துக்கொண்டு, நடுவிலிருந்த பள்ளத்தைச் சரி செய்வதற்காக ஓரங்களைத் தேய்க்க ஆரம்பித்திருந்தான். எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. மூலைமட்டத்தை நண்பர் அவனிடமே விட்டுவிட்டு வந்தார்.